வேலூர் வெயில்ல வார்ம்-அப் வேற எதுக்கு? ஆசனத்துக்கு முன் உடம்பைத் தயார் செய்வது பற்றிய கேள்வி பதில்

ஆசனம் தொடங்கும் முன் செய்ய வேண்டிய தளர்வுப் பயிற்சி பற்றி வேலூர், குடியாத்தம், ஆரணி, ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

சத்துவாச்சாரியிலிருந்து: மாஸ்டர், மே மாசம் நம்ம ஊர்ல வெயில் 40 டிகிரியைத் தாண்டுது. ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்தாலே வேர்த்துக் கொட்டுது. இதுக்கு மேல வார்ம்-அப் வேற தேவையா?

தேவைதான். வேர்வை வருவது உடம்பு சூட்டை வெளியே தள்ளுவதால். அப்போது ரத்தம் தோல் பக்கம் அதிகமாகப் போகும். மூட்டுக்குள் இருக்கும் பசைத் திரவம் குருத்தெலும்பின் மேல் பரவ வேண்டுமானால் அந்த மூட்டு அசைந்தாக வேண்டும். தசைக்குச் சூடும் ரத்தமும் ஏறுவது அது சுருங்கி விரியும்போதுதான். நாள் முழுக்க வெயிலில் பைக் ஓட்டியவருக்கும் தோள்பட்டை இறுக்கமாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கோடையில் அளவை மட்டும் மாற்றுங்கள். நின்ற இடத்தில் ஓடுவது, குதிப்பது எல்லாம் வேண்டாம். மற்ற நாளில் 12 நிமிடம் செய்பவர் 7, 8 நிமிடத்தில் முடிக்கலாம். காலை 5.30க்குத் தொடங்கிவிடுங்கள், 7 மணிக்கு மேல் மொட்டை மாடி வேண்டாம். அரை மணி முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். தலை சுற்றினாலோ குமட்டினாலோ அதோடு நிறுத்தி, காற்று வரும் இடத்தில் படுத்துவிடுங்கள். மார்கழியில் இதற்கு நேர் எதிர்: 15 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம்.

கோடையில் இன்னொரு சிக்கல் உண்டு. வேர்த்ததும் உடம்பு இளகிவிட்டதாகத் தோன்றும், முதல் ஆசனத்திலேயே வளைத்துவிடத் தோன்றும். மறுநாள் உட்காரும் எலும்பில், அதாவது தொடையின் பின்தசை ஒட்டியிருக்கும் இடத்தில், ஊசி குத்துவது மாதிரி வலித்தால் காரணம் இதுதான். அந்த வலி போக மாதக்கணக்கும் ஆகும்.

தோட்டப்பாளையத்திலிருந்து: தினமும் கோட்டைப் பக்கம் 40 நிமிஷம் வாக்கிங் போயிட்டுத்தான் யோகா கிளாசுக்கு வரேன். அது போதாதா சார்?

பாதி வேலை முடிந்தது. இதயத் துடிப்பு ஏறியிருக்கும், கால் தசை தயாராக இருக்கும். மணிக்கட்டு, தோள்பட்டை, முதுகெலும்பின் நடுப்பகுதி மூன்றுக்கும் நடை எதுவும் செய்யவில்லை. நடந்துவிட்டு டீக்கடையில் அரை மணி பேசிக்கொண்டிருந்தால் கால் சூடும் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேட் விரித்ததும் 4 நிமிடம் இதைச் செய்யுங்கள். மணிக்கட்டைப் பக்கத்துக்கு 10 சுற்று. பிறகு தவழும் நிலையில் உள்ளங்கையைத் தரையில் பதித்து, எடையை முன்னும் பின்னும் 10 முறை மெதுவாக மாற்றுங்கள். விரல் நுனியைத் தோளில் வைத்து முழங்கையால் பெரிய வட்டம், முன்னால் 10, பின்னால் 10. கடைசியாக மார்ஜாரி ஆசனம் 8 முறை: மூச்சை இழுக்கும்போது வயிறு கீழே, விடும்போது முதுகு மேலே. பலர் இதில் கழுத்தை மட்டும் ஆட்டிவிட்டு முதுகை அப்படியே வைத்திருப்பார்கள். அசைவை வால் எலும்பிலிருந்து தொடங்கினால் முதுகு தானாக வரும்.

குடியாத்தத்திலிருந்து: பகல் முழுக்க பீடி சுத்துற வேலை மாஸ்டர். கழுத்து, விரல், முட்டி மூணும் பிடிச்சுக்குது. சாயங்காலம் யோகா செய்யணும்னா எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

முதலில் எழுந்து 5 நிமிடம் நடங்கம்மா. சம்மணம் போட்டே இருந்த காலை உடனே மறுபடி மடக்கி பத்மாசனத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பிறகு கால் நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, அதைத் தரையோடு அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள். காலுக்கு 10 முறை. முட்டிச் சில்லைத் தாங்கும் தொடை முன்தசை விழித்துக்கொள்ளும்.

விரலுக்கு: ஐந்தையும் அகல விரித்து 3 விநாடி, பிறகு இறுக்காமல் மூடி 3 விநாடி, 15 முறை. சுற்றும் வேலையில் விரல் மடக்கும் தசைதான் ஓயாமல் உழைக்கிறது. அதனால் விரிப்பதில் அதிக கவனம் வையுங்கள். கழுத்துக்கு: முகவாயை நேராகப் பின்னால் இழுத்து 3 விநாடி, 8 முறை. தலையைக் குனிய வேண்டாம், நாள் முழுக்கக் குனிந்தது போதும்.

ஆரணிப் பக்கம் தறியில் உட்காருபவர்களும் இதையே செய்யலாம். கூடவே சுவரோரம் நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்து இடுப்பின் முன்பக்கத்தை 5 முறை மெல்ல முன்தள்ளுங்கள்.

காட்பாடியிலிருந்து: கழுத்தை முழு வட்டமாச் சுத்தச் சொல்றாங்க. எனக்கு 58 வயசு. சுத்தும்போது கடகடன்னு சத்தம் வருது, சில நாள் கிறுகிறுன்னு ஆகுது.

வலியில்லாத சத்தத்தை விட்டுவிடுங்கள். கிறுகிறுப்பை விடக்கூடாது, டாக்டரிடம் காட்டுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து உருட்டும் பாதியை இனி செய்யவே வேண்டாம். கழுத்தெலும்புப் பின்மூட்டுகள் நசுங்குவது அங்கேதான். ஒரு தோளிலிருந்து மார்பு வழியாக மறு தோள் வரை அரைவட்டம் மட்டும், கண்ணைத் திறந்து, ஒரு அரைவட்டத்துக்கு ஒரு மூச்சு. ஐந்து போதும்.

இதே மாதிரி இன்னொன்று: குனிந்து முட்டியில் கை வைத்து முட்டியை வட்டமாகச் சுழற்றுவது. பள்ளிக்கூட டிரில்லில் பழகியதை இன்னும் பலர் செய்கிறார்கள். முட்டி முக்கியமாக மடங்கி நீளும் மூட்டு. எடை தாங்கிய நிலையில் அதைச் சுழற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ராணிப்பேட்டையிலிருந்து: சூரிய நமஸ்காரமே வார்ம்-அப் தானே? எழுந்ததும் நேரா 12 சுற்று போட்டுடறேன். கீழ் முதுகு மட்டும் வலிக்குது.

வலிக்குக் காரணம் ‘எழுந்ததும்’. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்க்குகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் முழுசாகக் குனிந்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் அதிகம். நீங்கள் மூன்றாவது நிலையிலேயே முட்டியை நிமிர்த்திப் பாதஹஸ்தாசனத்துக்கு, அதாவது நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடும் நிலைக்குப் போய்விடுகிறீர்கள்.

எழுந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் போகட்டும். முதல் 3 சுற்றில் முட்டியை மடக்கியே குனியுங்கள், கை தரையைத் தொடாவிட்டாலும் பரவாயில்லை. குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனத்தில் தொப்புளைத் தரையிலிருந்து எடுக்க வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகட்டும். 4வது சுற்றிலிருந்து வழக்கம்போல். இப்படிச் செய்தால் அதுவே நல்ல வார்ம்-அப். சக்ராசனம், உஷ்ட்ராசனம் போன்ற பின்வளைவு செய்கிற நாளில் மட்டும் தோள்பட்டை, இடுப்பின் முன்பக்கம் இரண்டுக்கும் தனியாக 3 நிமிடம் ஒதுக்குங்கள்.

ஆற்காட்டிலிருந்து: சோளிங்கர் பெரிய மலை 1,305 படி ஏறி இறங்கினேன். மறுநாள் ஆடுசதை கல்லாட்டம் ஆயிடுச்சு. இழுத்து நீட்டினா சரியாகுமா?

ஆகாது, கூடவே வலிக்கும். ஏறியதை விட இறங்கியதில்தான் இந்த வலி. எடையைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போது நுண்ணிய சேதம் ஏற்படுகிறது, 24 முதல் 48 மணி நேரத்தில் வலி உச்சத்துக்கு வரும். படுத்த நிலையில் பாதத்தை மேலும் கீழும் 20 முறை அசைத்து, சுவரில் காலை ஏற்றி 5 நிமிடம் வையுங்கள். கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் குதிகாலைத் தரைக்கு அழுத்துவதை 3 நாள் தள்ளிப்போடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது படி ஏறிய வலி இல்லை.

வாலாஜாவிலிருந்து: வார்ம்-அப் போதும்னு எப்படித் தெரியும்?

உள்ளங்கை வெதுவெதுப்பாகும். மூச்சு கொஞ்சம் ஆழமாகும், ஆனால் முழு வாக்கியம் பேச முடியும். முதலில் செய்த தோள் வட்டத்தை மறுபடி செய்தால் இப்போது பெரிதாக வரும். மூச்சு வாங்கினால் அளவு மீறிவிட்டது.

அதே நண்பர்: சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு? பிபி மாத்திரை சாப்பிடறவங்க?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 4 மணி நேரம், இரண்டு இட்லிக்கு 2 மணி நேரம், காபிக்கு அரை மணி. பிபி உள்ளவர்கள் மூச்சைப் பிடிக்காமல் செய்ய வேண்டும், குனிந்து நிமிரும்போது தலையைக் கடைசியில் தூக்க வேண்டும். வார்ம்-அப்பில் வேகமான கபாலபாதியை, அதாவது மூச்சை வெடுக்கென்று வெளியே தள்ளும் பயிற்சியைச் சேர்க்க வேண்டாம். தரையிலிருந்து எழும்போது பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, இரண்டு மூச்சு விட்டு எழுங்கள்.