காட்டுக்குள் போகும் வழி: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், வெருகல் பக்கம் வாழும் பழங்குடிகளான கரையோர வேடரின் கிராமங்களையும், அங்கே வேலை செய்யும் சிறு சங்கங்களையும் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியர் எதிர்பார்க்கவில்லை. காணி உறுதி, ஓய்வூதியம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேடர் என்றால் உள்நாட்டுக் காட்டுப் பகுதியான தம்பானையில் இருப்பவர்கள் அல்லவா? மூதூரில் இருப்பவர்கள் தமிழ் பேசுகிறார்கள், கோயில் கும்பிடுகிறார்கள், கூலி வேலைக்கு வருகிறார்கள். சலுகைக்காக அப்படிச் சொல்லிக்கொள்கிறார்களா?
(கடை உரிமையாளர், திருகோணமலை நகர்)

என்ன சலுகை என்று எழுதியிருந்தால் நானும் விண்ணப்பித்திருப்பேன். 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணையில் பறங்கியர், மலாயர், செட்டி, பரதர் எல்லோருக்கும் தனி வரிசை உண்டு. வேடருக்கு இல்லை, இருந்தால் ‘வேறு’ என்ற பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட ஆய்வு நூலிலேயே கிழக்குக் கரையில் தமிழ் பேசும் வேடரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாட்டாளிபுரம், சந்தோஷபுரம், இளக்கந்தை, ஈச்சிலம்பற்று, அப்பால் வாகரை என்று அவர்கள் பரந்து இருக்கிறார்கள். குமார தெய்வத்துக்கும் கப்பல் தெய்வத்துக்கும் சடங்கு செய்கிறார்கள். அதைச் செய்யுமாறு எந்தத் திணைக்களமும் சுற்றறிக்கை அனுப்பவில்லை. வெருகல் முருகனுக்கு வேட்டுவப் பெண்ணைக் கட்டிவைத்துக் கொண்டாடுகிற நாம், அவள் வீட்டாரைப் பார்த்து ‘நீங்கள் யார்?’ என்று கேட்பது நன்றாக இல்லை.

கேள்வி: இறுதியாண்டு ஆய்வுக்காகக் கரையோர வேடரின் மூலிகை மருத்துவ அறிவைப் பதிவு செய்யப் போகிறேன். முதியவர்கள் பேசத் தயங்குகிறார்கள். நம்பிக்கையைப் பெறுவது எப்படி?
(மாணவி, கோணேசபுரி)

பிள்ளை, தயங்குகிறவர்களுக்குக் காரணம் இருக்கிறது. நான் மூதூரில் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த காலத்தில், கடல்கோளுக்குப் பிறகு, ஒரு நிறுவனத்தின் குழு பாரம்பரிய மருத்துவத்தைப் பதிவு செய்ய வந்தது. பரியாரி ஒருவரின் முற்றத்தில் படம் பிடித்தார்கள், இலைகளைக் கடதாசிக்குள் மடித்து எடுத்துப் போனார்கள். பளபளப்பான புத்தகம் கொழும்பில் வெளியானது. ஊருக்கு ஒரு பிரதிகூட வரவில்லை. கந்தோருக்கு வந்த பிரதியை நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓர் இலைப் படத்தில் விரலை வைத்துச் சிரித்தார். “மகள், இதை மாட்டுக்குக்கூடக் கொடுக்க மாட்டோம். வந்த பொடியன்கள் தேத்தண்ணியும் குடிக்காமல் அவசரப்பட்டார்கள். அவசரத்துக்கு ஏற்ற மருந்தைச் சொன்னேன்” என்றார். அந்தப் புத்தகம் இன்னும் எத்தனை நூலகங்களில் இருக்கிறதோ!

கேரளத்து மலைப் பழங்குடிகளான காணிக்காரர் கதையை நீ கட்டாயம் படிக்க வேண்டும். 1987 இல் அகத்தியமலைக்கு ஏறிய விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர் ஏதோ சிறு பழத்தைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். முதலில் சொல்ல மறுத்து, வற்புறுத்தலுக்குப் பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதன் தாவரவியல் பெயரில் இலங்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது, டிரைக்கோபஸ் சைலானிகஸ்; நம் நாட்டிலும் வளர்கிறது. பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்து, கோயம்புத்தூர்க் கம்பனி ஒன்றுக்குப் பத்து இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. வருவதில் பாதி காணிக்காரருக்கு என்று ஏற்பாடு. உலகமெங்கும் முன்மாதிரி என்று புகழ்ந்தார்கள். ஆனால் பணத்தை வாங்க அவர்களுக்கு ஓர் அமைப்பே இருக்கவில்லை. அறக்கட்டளை 1997 இல்தான் பதிவானது. தங்களைக் கேட்கவில்லை என்று வேறு பகுதிக் காணி மருத்துவர்கள் கோபித்தார்கள். இலை பறிப்பதற்கு வன இலாகா குறுக்கே நின்றது. செடியைக் காட்டிய சமூகமே அதைப் பறித்து விற்க முடியாமல் போனது. நல்ல மனம் கொண்டவர்கள் செய்த ஏற்பாட்டுக்கே இந்தக் கதி.

அதனால் மருத்துவரிடம் மட்டும் போகாதே. கிராமத்துச் சங்கத்திடம் முதலில் போ. அகமதாபாத்தில் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய ‘ஹனி பீ’ வலையமைப்பு சில விதிகளை வைத்திருக்கிறது: அறிவைத் தந்தவரின் பெயர் அறிவோடு சேர்ந்தே போக வேண்டும், எடுத்தது அவர்களுடைய மொழியில் அவர்களிடமே திரும்ப வேண்டும், அதனால் வருவாய் வந்தால் பங்கு சேர வேண்டும். மதுரையிலிருந்து அவர்களுக்குத் தமிழ் இதழும் உண்டு. நீ தமிழில் எழுது, இரண்டு கொப்பிகளில் எழுது, ஒன்றை அங்கேயே விட்டுவிடு. செடி நிற்கும் இடத்தையும் மருந்தின் அளவையும் அவர்கள் மறைத்தால் மறைக்கட்டும்; உன் பட்டத்துக்கு அது தேவையில்லை. தேத்தண்ணி தந்தால் குடி.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கம் கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறது. வேடர் கிராமம் ஒன்றில் அவர்களுடைய வில், அம்பு, பாத்திரங்களை வைத்து ஒரு பண்பாட்டு மண்டபம் கட்ட விரும்புகிறோம். உங்கள் ஆலோசனை?
(திருகோணமலையைச் சேர்ந்தவர், ரொறன்ரோ)

தம்பி, கட்டாதீர்கள். மண்டபத்துக்குத் திறப்பு விழா நடக்கும், உங்கள் பெயர் பதித்த கல் இருக்கும், பிறகு சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருக்கும்.

பாம்பு பிடிப்பதில் தேர்ந்த தமிழ்நாட்டுப் பழங்குடிகளான இருளரைப் பாருங்கள். 1972 இன் வனவிலங்குச் சட்டத்தோடு அவர்களுடைய பாம்புத்தோல் பிழைப்பு போயிற்று. 1978 இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் உதவியுடன், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. அனுமதி பெற்றுப் பாம்பைப் பிடிக்கிறார்கள். துணியால் வாய் கட்டிய மண்பானைக்குள் சில வாரங்கள் வைத்து விஷம் எடுக்கிறார்கள். மறுபடி அதே பாம்பைப் பிடித்துவிடாதபடி வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து செய்யும் கம்பனிகளுக்கு விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. நம் ஊரில் முத்திரைப் புடையன் கடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஏற்றுகிற மருந்தும் இந்தியாவில் செய்ததே. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளருக்கு 2023 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்றைக்கு யாராவது ஒரு மண்டபம் கட்டிப் பாம்புப் படங்களை மாட்டிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலும் இதே பாடம்தான். (சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் நம் மலையகத்திலிருந்து போனவர்கள் பலர் குடியேறிய அதே கூடலூர்.) அங்கே ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் கிராமம் கிராமமாகச் சிறு சங்கங்களாகத் தொடங்கியது. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் என்று ஒருவரோடொருவர் அதிகம் பேசாதவர்களை ஒன்றாக உட்கார வைத்து, முதலில் காணிக்காகத்தான் தெருவில் இறங்கியது. ஆதிவாசிப் பெண்களே தாதிகளாகப் பணியாற்றும் ஆஸ்பத்திரி அதற்குப் பிறகு வந்தது.

நம் பக்கத்தில் 2006 இல் மூதூர், ஈச்சிலம்பற்று, வாகரை எல்லாம் போரால் இடம்பெயர்ந்தன. முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு எந்தப் பாலை மரத்தில் தேன் கட்டும், உல்லைக்கழியில் எந்த நீரோட்டத்தில் மீன் ஏறும் என்று யார் காட்டுவது? திரும்பி வந்தபோது சில இடங்களில் காட்டோரம் எல்லைக் கல் நின்றது. தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போக முடியாவிட்டால் உங்கள் மண்டபத்து வில்லால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே பணத்தில் பாதியைப் பஸ் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். நகைச்சுவை இல்லை. பாட்டாளிபுரத்துப் பெண்கள் வெருகலுக்கும், வெருகல்காரர் வாகரைக்கும் போய்ப் பேச வேண்டும்; எல்லோரும் சேர்ந்து மாவட்டக் கச்சேரிக்கும் வன இலாகாவுக்கும் போக வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். வலையமைப்பு என்று அறிக்கைகளில் அழகாக எழுதுவது நடைமுறையில் பஸ் காசும், மதியச் சோற்றுப் பார்சலும், தொலைபேசி ரீலோட்டும்தான். இதற்கு எந்த நன்கொடையாளரும் காசு தருவதில்லை. திறந்துவைக்க நாடா இல்லையே! மீதிப் பாதியில் வலையும் தோணியும் வாங்குவதா, காணி அளப்பதா என்பதை அவர்களுடைய சங்கமே தீர்மானிக்கட்டும்.

கேள்வி: ஐ.நா. பிரகடனம், ஜெனீவா ஒப்பந்தம் என்கிறார்கள். இவற்றால் ஒரு பாமர வேடருக்கு என்ன பயன்?
(ஆசிரியர், மூதூர்)

நேரடியாக, மிகக் குறைவு. பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனம் 2007 செப்டெம்பர் 13 இல் நிறைவேறியபோது ஆதரவாக வாக்களித்த 144 நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதன் 31 ஆம் உறுப்புரை பாரம்பரிய அறிவை அவர்களுடைய உடைமை என்றே பேசுகிறது. ஆனால் அதற்கு 24 ஆண்டுகள் முன்னரே, 1983 இல், மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டுத் தம்பானை வேடரின் வேட்டைக் காடு பூங்காவாகிவிட்டது. இந்தியா 2006 இல் வன உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நம்மிடம் அப்படியொன்று இல்லை.

2024 மே மாதம் ஜெனீவாவில், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் மாநாட்டில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை கொஞ்சம் கூர்மையானது. மூலிகை அறிவை வைத்துக் காப்புரிமை கேட்பவர் அந்த அறிவு யாரிடமிருந்து வந்தது என்று வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வரப் பதினைந்து தரப்புகளின் இணைவு தேவை. இவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, சங்கத் தலைவியின் கையில் கொடுங்கள். அதிகாரியின் மேசைமேல் அதை வைத்துவிட்டுப் பேசினால், நின்றுகொண்டு பேச வேண்டியவருக்குக் கதிரையாவது கிடைக்கும். நான் கண்ணால் கண்டது.

கேள்வி: காட்டுத்தேன் என்று வாங்கினேன். தண்ணீர் மாதிரி இருக்கிறது, திறந்தால் நுரைக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?
(இல்லத்தரசி, உவர்மலை)

பெரும்பாலும் இல்லை. பெருந்தேனீயின் தேனில் ஈரம் அதிகம். கடையில் விற்கும் தேனைப் போலக் கெட்டியாக இராது, சில நாளில் புளித்து நுரைக்கும். மேலே மஞ்சளாக மிதப்பது மகரந்தம். தீக்குச்சி, எறும்பு, தண்ணீரில் சொட்டு விடும் சோதனைகளை நம்பாதீர்கள். சீனிப்பாகு காய்ச்சுபவருக்கு அவை உங்களைவிட நன்றாகத் தெரியும். எந்த மரத்துத் தேன், எந்த மாதத்தில் எடுத்தது என்று கேளுங்கள். பாலையா வீரையா என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். சொல்பவரிடம் விலை பேச வேண்டாம். மூடியை மட்டும் இறுக்கிவிடாதீர்கள். போத்தல் வெடித்த பிறகு எனக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை.