மறு: அரை நிமிடத்தில் மோட்டார் கொதிக்கிறது, பேட்டரியை மாற்றவா?

பேட்டரியை மாற்றாதீர்கள் தம்பி. 700 கிராம் ஃபோம் ரிமோட் விமானத்துக்கு 3எஸ் (அதாவது மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, பொருத்தமானதுதான். கோளாறு, 2200 கேவி மோட்டாரில் 10 அங்குல ப்ரொப்பெல்லர் மாட்டியிருப்பது. கேவி என்றால் சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு. 11.1 வோல்ட்டில் உங்களுடையது 24,000 சுற்றைத் தாண்டப் பார்க்கும். பெரிய ப்ரொப் விடாது. கரண்ட் எகிறும், மோட்டார் கொதிக்கும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சியும் கருகலாம். 6×4 ப்ரொப் (6 அங்குல விட்டம், 4 அங்குல பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) போட்டால் இதே மோட்டார் பிழைக்கும், ஆனால் அது வேகமாகப் பறக்கும் சின்ன விமானங்களுக்கான ஜோடி. பழகுபவருக்கு வேகம் எதற்கு? 2212 அளவில் (ஸ்டேட்டர், அதாவது உள்ளே சுழலாத சுருள் பகுதி, 22 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம்) 1000 கேவி மோட்டார் வாங்கி 9×5 மாட்டுங்கள். பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்யுங்கள், பறக்கும்போது செல்லுக்கு 3.5 வோல்ட் வருவதற்குள் தரையிறக்கிவிடுங்கள். பெஞ்சில் மோட்டாரைச் சோதிக்கும்போது, தயவுசெய்து, ப்ரொப்பைக் கழற்றிவிடுங்கள்.