சம்பந்தி ஏன் கை நனைக்கவில்லை?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, வேற்று மாநிலத்தாரோடு உறவோ அண்டை வீட்டுப் பழக்கமோ ஏற்பட்ட கொங்கு நாட்டுக் குடும்பங்களிலிருந்து வந்தவை. அவற்றுள் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், தன்னோடு பணிபுரியும் மீரட் பக்கத்துப் பெண்ணை எங்கள் சம்மதத்துடன் மணந்துகொண்டான். சென்ற மாதம் பெண்ணின் தந்தையும் அண்ணனும் முதன்முறையாக எங்கள் தோட்டத்துச் சாளைக்கு வந்தார்கள். சந்தகையும் ஒப்பிட்டும் செய்து, இலை போட்டுக் காத்திருந்தோம். இருவரும் இலையில் உட்காரவில்லை; தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. புறப்படும்போது மருமகள் கையில் கொஞ்சம் பணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பங்காளிகள் எல்லாரும் இதையே பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் கை நனைப்பது அவர்களுக்கு அவ்வளவு தாழ்வா?
– ஒரு மாமியார், கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: இல்லை அம்மா. உங்களைத் தங்களைவிட உயர்ந்த இடத்தில் வைத்திருப்பதால்தான் அவர்கள் உண்ணவில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டில், சம்பந்தம் உறுதியாகும் வரை நாம் கை நனைப்பதில்லை. உறுதியான பிறகு கை நனைக்காமல் எழுந்து போனால் உறவை முறித்துக்கொண்டதாகப் பொருள். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்ததால் அவர்கள் செய்தது உங்களுக்கு அவமதிப்பாகத் தோன்றியிருக்கிறது. உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான், பீகார் ஆகிய பகுதிகளில் பல சமூகத்தாரிடையே, பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெற்றோரும் மூத்த சகோதரர்களும் உண்பதில்லை என்பது தலைமுறைகளாக வரும் வழக்கம். கன்னிகாதானம் என்பது எதையும் எதிர்பாராமல் கொடுக்கும் தானம் என்றும், தானம் கொடுத்த இடத்தில் ஒரு வாய்ச் சோறு உண்டாலும் அது மகளுக்கு விலை வாங்கியதாகிவிடும் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். வேறு வழியின்றித் தண்ணீர் குடிக்க நேர்ந்தால், அதற்கு ஈடாக ஏதேனும் பணம் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மருமகள் கையில் வைத்த பணமோ பெரும்பாலும் ஆசிதான். 101, 501 என்று ஒன்றில் முடிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், நம் மொய்யைப் போலவே இருக்கும்.

என் கணவரின் பணியை முன்னிட்டுக் கான்பூரில் குடியிருந்த நாள்களில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் தந்தை ஒரு மே மாத நண்பகலில் கிராமத்திலிருந்து மகளைப் பார்க்க வந்தார். மகளின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பேரனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தவர், தாகம் எடுத்தபோது எழுந்து எங்கள் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டார். நான் கொடுத்த இரண்டு செம்புத் தண்ணீரையும் அவர் குடித்து முடித்தபோது, அவருடைய மகள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நம்மிடையே இது ஏன் வேறாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப நடந்துவந்தன. இன்று பெண் கொடுத்த வீட்டிலிருந்து அடுத்த தலைமுறையில் பெண் எடுப்போம். ஆகவே கொடுத்தவர் தாழ்வு, எடுத்தவர் உயர்வு என்னும் கணக்கு நெடுநாள் நிற்க இடமில்லை. சம்பந்திகள் ஒரே பந்தியில் உட்காருகிறோம். மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் பல சமூகத்தார் சொந்த ஊருக்குள் பெண் எடுக்காமல், முன்பின் உறவில்லாத ஊருக்குப் பெண்ணைக் கொடுக்கிறார்கள். அங்கே பெண் வீட்டார் எப்போதும் கொடுக்கும் கையாகவே இருந்துவிடுகிறார்கள்.

அந்த வழக்கத்துக்குள் இருக்கும் மரியாதையை உணர்கிறேனே தவிர, பெண்ணைப் பெற்றவர் ஒரு படி கீழே என்னும் கருத்தை நான் ஏற்கவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரைக் காக்கும் கடமையை மகனுக்கும் மகளுக்கும் சேர்த்தே விதித்திருக்கிறது. மகள் வீட்டில் தங்கி வாழும் வடநாட்டுப் பெற்றோரும் நகரங்களில் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். எனினும் உங்கள் சம்பந்தியை நீங்கள் வற்புறுத்த வேண்டாம். நீங்கள் ஒருமுறை மீரட்டுக்குப் போய் அவர்கள் பரிமாறுவதை வயிறார உண்டு வாருங்கள். அது அவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும். பேரக்குழந்தை பிறந்தபின் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அதுவரை, அடுத்தமுறை அவர்கள் வரும்போது, அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது சாப்பாடு ஏற்பாடு செய்தால் உண்பார்களா என்று மருமகளிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மருமகள் ஹரியானாவைச் சேர்ந்தவள். குலதெய்வக் கோயில் பொங்கலன்று, என் மகனின் அத்தை மகள் வந்திருந்தபோது, என் மாமியார் விளையாட்டாக, “இவளைக் கட்டியிருக்க வேண்டியவன், வடக்கே போய்க் கட்டிட்டான்” என்று சொன்னார். அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மருமகள் அன்று முழுவதும் அழுதாள். அண்ணன் தங்கையை வைத்து இப்படிப் பேசலாமா என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?
– காங்கேயம் வாசகி

பதில்: உங்கள் மாமியார் கேலி பேசும் உரிமையுள்ள உறவில்தான் பேசியிருக்கிறார். மருமகள் அழுததும் நியாயமே. அவள் மாமன் மகனுக்கும் அத்தை மகனுக்கும் ஆண்டுதோறும் ராக்கி கட்டி வளர்ந்தவளாக இருப்பாள்.

நாம் தாயின் உடன்பிறந்தவரையும், அத்தையின் கணவரையும், கணவனின் தந்தையையும் மாமா என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். தந்தையின் உடன்பிறந்தவளும், மாமனின் மனைவியும், மாமியாரும் நமக்கு அத்தையே. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்துகொண்டால் மாமனே மாமனாராகவும் அத்தையே மாமியாராகவும் ஆகிவிடுகிறார்கள் என்பதால், நமக்கு ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. இந்தியில் தாயின் சகோதரர் மட்டுமே மாமா. அத்தையின் கணவர் ஃபூஃபா, மாமனார் சசுர். இம்மூவரும் ஒருவராக இருக்க வழியே இல்லாததால் மூன்று சொற்கள் வேண்டியிருக்கின்றன. பிள்ளைகளிடத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளும் சித்தி, பெரியம்மா பிள்ளைகளும் நமக்கு உடன்பிறந்தார். மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் முறைக்காரர்கள். உங்கள் மருமகளுக்கோ இந்த நான்கு பக்கத்துப் பிள்ளைகளும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளே. ஒரே கூட்டத்தை, அதாவது ஒரே குலப்பிரிவைச் சேர்ந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்துவைத்து யாராவது கேலி பேசினால் நம் காது எப்படிக் கூசுமோ, அப்படித்தான் அவளுக்கு அன்று கூசியிருக்கும். நாம் தந்தைவழிக் கூட்டத்தை விலக்குகிறோம். அவள் பக்கத்தில் தாயின் கோத்திரத்தையும் சேர்த்து விலக்குவார்கள், பாட்டியின் கோத்திரத்தையும் விலக்குகிறவர்கள் உண்டு.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் இந்த இரண்டு உலகங்களையும் ஒரே ஏட்டில் வைத்திருக்கிறது. தந்தைவழியில் ஐந்து தலைமுறை, தாய்வழியில் மூன்று தலைமுறைக்குள் உறவுள்ளவர்கள் மணந்துகொள்ளக் கூடாது என்று பொதுவிதி வகுத்துவிட்டு, இரு தரப்பாரின் வழக்கமும் அனுமதித்தால் அந்தத் தடை இல்லை என்றும் அது சொல்கிறது. நம் மாமன் மகள், அத்தை மகள் திருமணங்கள் அந்த விதிவிலக்கால் செல்லுபடியாகின்றவை. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும், மகாராஷ்டிரத்தின் சில சமூகங்களிலும் இவ்வழக்கம் உண்டு என்பதால், இதைத் தமிழரின் தனி விநோதமாக அவள் எண்ண வேண்டியதில்லை.

அவள் ஊரிலும் கேலிக்கென்று உறவுகள் இருக்கின்றன. ஹோலியன்று அண்ணிக்கும் கணவனின் தம்பிக்கும் இடையே நடக்கும் விளையாட்டைக் கண்டால், அண்ணியைத் தாய்க்குச் சமமாக வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் திகைத்துப் போவார்கள். ஆகவே கொஞ்ச காலத்துக்கு அவள் முன்னால் இந்தப் பேச்சு வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லுங்கள். மருமகளிடம் இன்னொன்றையும் மறவாமல் சொல்ல வேண்டும்: கணவனின் அத்தை மகள், நம் முறைப்படி, மனைவிக்கு அக்காவோ தங்கையோ ஆவாள். அன்று அவளை அழவைத்த அதே முறைதான் அந்தப் பெண்ணை அவளுக்கு உடன்பிறந்தவளாகவும் ஆக்கியிருக்கிறது.

கேள்வி: கொல்கத்தாவைச் சேர்ந்த என் மருமகள் ஆர்வத்தோடு தமிழ் கற்றுக்கொண்டு பேசுகிறாள். ஆனால் என்னிடம், “நீ சாப்பிட்டாயா, நீ இங்கே உட்கார்” என்கிறாள். பிறந்த குழந்தையைக்கூட “வாங்க கண்ணு” என்று கூப்பிடும் ஊரில் இது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. திருத்தலாமா?
– கரூர் வாசகி

பதில்: திருத்தலாம், அதற்கு முன் அவள் உங்களை எந்த இடத்தில் வைத்துப் பேசுகிறாள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வங்காளியில் முன்னிலைக்கு ஆப்னி, துமி, துய் என்று மூன்று சொற்கள் உள்ளன. ஆப்னி என்பது புதியவருக்கும் மரியாதைக்கு உரியவருக்கும் வழங்குவது. துய் என்பது நெருங்கிய நண்பருக்கும் சிறுவருக்கும் உரியது. பெற்ற தாயையும் தந்தையையும் வங்காளப் பிள்ளைகள் நடுவில் உள்ள துமியால் அழைப்பதே இயல்பு. நம்மிடம் ‘நீ’, ‘நீங்கள்’ என்று இரண்டே இருப்பதால், அவள் தன் துமியை ‘நீ’யில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அதாவது, மாமியார் என்று எட்டி நிற்காமல் தன் தாயிடம் பேசுவதுபோல் உங்களிடம் பேசுகிறாள். தமிழ்நாட்டிலேயே, நம் பகுதியை விட்டுக் கிழக்கிலும் தெற்கிலும் போனால், தாயை ‘நீ’ என்றழைக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. எனினும் ஊரார் முன்னிலையில் அவளுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரு ‘ங்க’ சேர்த்துக்கொள்ள அவளுக்குப் பழக்குங்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கொங்குத் தமிழில் பாதியைக் கற்றவளாகிவிடுவாள்.

கேள்வி: எங்கள் மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த பனியன் தொழிலாளர் குடும்பம் குடியிருக்கிறது. அந்தப் பெண் இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் உண்பதைப் பார்த்து, வறுமை என்று எண்ணிச் சுடுசோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.
– திருப்பூர் வாசகி

பதில்: அது பகாளம், ஒடிசாவில் செல்வர் வீட்டிலும் கோடைக்காலத்தில் விரும்பி உண்பது, பூரி ஜகந்நாதருக்கு நைவேத்தியமாகவும் படைக்கப்படுவது. மார்ச் 20ஆம் நாளை அதற்கென்றே கொண்டாடுகிறார்கள். வங்காளத்தில் பாந்தா பாத், அசாமில் போய்தா பாத் என்று இதற்குப் பெயர். நம் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் என்னவோ அதுதான் இதுவும். அடுத்த முறை கொஞ்சம் மோர்மிளகாய் வறுத்து எடுத்துக்கொண்டு போய், அவளோடு உட்கார்ந்து அவள் சோற்றில் ஒரு கவளம் கேட்டு வாங்கி உண்ணுங்கள்.

கேள்வி: என் மகளைக் கோவையிலேயே கடை வைத்திருக்கும் ஜெய்ப்பூர்க் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். இது அவளுக்குத் தலை ஆடி. ஆடி நோம்பிக்கு அழைத்துவந்து மாதம் முழுவதும் வைத்துக்கொள்ள ஆசை. சம்பந்தி வீட்டார் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குகிறோம்.
– பொள்ளாச்சியிலிருந்து ஒரு தந்தை

பதில்: தயங்க வேண்டாம் ஐயா. இவ்வளவு கடிதங்களிலும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கேள்வி உங்களுடையதுதான். ஏனென்றால் இதில் இரண்டு நாட்டாரும் ஏற்கெனவே ஒரே இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுடைய சாவன் மாதம், அவர்கள் பஞ்சாங்கத்தின் ஆஷாட மாத முழுநிலவுக்கு மறுநாள், அதாவது குரு பூர்ணிமை கழிந்ததும் தொடங்கி, அடுத்த முழுநிலவு வரை இருக்கும். ஆடியின் பெரும்பகுதியோடு அது ஒன்றிப்போகும் ஆண்டுகளே மிகுதி. அந்த மாதத்தில் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வருவது ராஜஸ்தானிலும் தொன்றுதொட்ட வழக்கம். வளர்பிறைத் திரிதியையில் தீஜ் கொண்டாடுவார்கள். அதற்கு முதல்நாள் சிஞ்சாரா என்று புடவை, வளையல், மருதாணி, இனிப்புகள் எல்லாம் பெண்ணுக்கு வந்துசேரும். மாவை நெய்யில் வலைபோல் பொரித்துப் பாகில் நனைத்த கேவர் அந்த நாளுக்கே உரிய பலகாரம். நம் ஆடிச்சீரை விளக்க உங்களுக்கு ஒரு சொல்லும் வேண்டியிருக்காது, கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தீஜ் அன்று பெண் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மேலும் அவர்களுடைய பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வரும் ஆண்டுகளில் நாள்கள் விலகிப்போகும். 2023ஆம் ஆண்டில் சாவன் ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்தது. ஆகவே இவ்வாண்டுத் தீஜ் என்று வருகிறது, அன்று மகள் எங்கே இருக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாளிடமே கேட்டு, அதற்கேற்ப அழைப்பு நாளை வைத்துக்கொள்ளுங்கள். மருமகனையும் அவருடைய உடன்பிறந்தவர்களையும் பதினெட்டாம் பெருக்கன்று சேர்த்து அழையுங்கள். சாவனில் மரக்கிளையில் ஊஞ்சல் கட்டி ஆடுவது அவர்கள் ஊர்ப் பெண்களின் பெருவிருப்பம். உங்கள் தோப்பில் உறுதியான புளியங்கிளை ஒன்றைப் பார்த்து, புதுக்கயிறு வாங்கி, அவர்கள் வருவதற்கு முதல்நாளே தூரி கட்டி வைத்துவிடுங்கள்.