டர்பனில் வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்க்கலாமா?

மார்த்தாண்டத்தில் அப்பாவோடு தேனீ வளர்த்த பழக்கம் உண்டு, அதை வைத்துத் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வளருங்கள். வீட்டுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். டர்பனுக்கு வடக்கே வெருலம், டோங்காட் பக்கம் தெரிந்தவர் நிலம் இருந்தால், ஆள் நடமாட்டமோ ஆடுமாடோ இல்லாத மூலையாகப் பார்த்து வையுங்கள்.

ஊரில் நீங்கள் பழகியது அடுக்குத் தேனீ. முகவலைகூட இல்லாமல் அடையைத் தூக்கிப் பார்க்கிறவர்கள் அங்கே உண்டு. இங்கே இருப்பது ஸ்குட்டெல்லாட்டா என்ற ஆப்பிரிக்கத் தேனீ. 1956இல் இது பிரேசிலுக்குப் போய், அங்கே ஐரோப்பியத் தேனீயோடு கலந்து பிறந்தவற்றுக்குத்தான் 'கொலைகாரத் தேனீ' என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. அது தன் கூட்டைக் காக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று கொட்டினால் வாழைப்பழ வாசனை எழும்பும், அதை மோந்து மற்றவையும் திரண்டு வந்துவிடும்.

பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். தொந்தரவு கூடினாலோ பூ குறைந்தாலோ இந்தத் தேனீ கூட்டையே விட்டுப் போய்விடும். கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் நின்று வாசலைப் பாருங்கள். முக்கால்வாசி விஷயம் அங்கேயே தெரியும். காலில் மகரந்த உருண்டையோடு விறுவிறுவென்று நுழைந்தால் உள்ளே புழு வளர்கிறது என்று நம்பலாம். வாசலில் கட்டிப் புரண்டு சண்டை போட்டால் வேறு கூட்டம் தேன் திருட வந்திருக்கிறது. ஆண் தேனீக்களை வெளியே இழுத்துத் தள்ளினால் தீனி குறைகிறது. மகரந்தம் வருவது நின்று நடமாட்டமும் குறைந்தால், சரி, அப்போது திறங்கள். பொழுது சாயும் நேரத்தில், முழு உடுப்போடு, நன்றாகப் புகை கொடுத்துத் திறந்தால், இருட்டியதும் அடங்கிவிடும்.

அடையின் ஒரே அறையில் பல முட்டைகளும், பளபளவென்று கறுத்த வேலைக்காரத் தேனீக்களும் தென்பட்டால் கேப் தேனீ, அதாவது தெற்கே கேப் பகுதியில் இருக்கும் வேறு வகைத் தேனீ, புகுந்திருக்கலாம். அதன் வேலைக்காரத் தேனீ ஆணோடு சேராமலே பெண் தேனீக்களை ஈனும். ராணி போய்விடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டமும் அழியும். 1990 வாக்கில் கேப் பகுதிப் பெட்டிகளை வடக்கே கொண்டுவந்ததில் ஏராளமான கூட்டங்கள் இப்படித்தான் போயின. அங்கிருந்து யார் பெட்டி கொடுத்தாலும் வாங்காதீர்கள், கொண்டுவருவது சட்டப்படியே தடை. வாங்கத் தேவையும் இல்லை. காலிப் பெட்டியில் மெழுகு தடவி வைத்தால் காட்டுக் கூட்டமே வந்து குடியேறும்.

தேனீயின் உடலில் ஒட்டி வாழும் வரோவா உண்ணி இந்நாட்டில் 1997இல் தென்பட்டது. இங்குள்ள தேனீக்கள் பெரும்பாலும் மருந்தில்லாமலே அதைச் சமாளிக்கின்றன, பயந்து மருந்து தேட வேண்டாம். அப்புறம், ஊரில் அடுக்குத் தேனீக்கு வைக்கும் நியூட்டன் பெட்டி இவற்றுக்குச் சின்னது, அதைவிடப் பெரிய லாங்ஸ்ட்ராத் பெட்டிதான் சரி. வேளாண்மைத் துறையில் தேனீ வளர்ப்பவராகப் பதிவு செய்வது கட்டாயம், அதை முதலில் முடித்துவிடுங்கள்.