1453 காரணம் என்றால் 1415-ஐ என்ன செய்வது?

போர்ச்சுகல் ஏன் கடல்பயணங்களில் இறங்கியது என்ற கேள்விக்கு, கான்ஸ்டாண்டிநோபிள் 1453-இல் துருக்கியரிடம் விழுந்ததால்தான் என்று விடையில் எழுதாதீர்கள், காலம் ஒத்துவராது. போர்ச்சுகீசியர் மொராக்கோ கரையிலுள்ள சியூட்டாவைப் பிடித்தது 1415-இல்.

'துருக்கியர் மிளகு வழியை அடைத்தார்கள்' என்ற வரிதான் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கும். மிளகு பெரும்பாலும் செங்கடல் வழியே எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குப் போனது. அந்த ஊர் 1517 வரை எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் கையில், துருக்கியர் கையில் அல்ல; வெனிஸ்காரர்கள் அங்கே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளூர்க் காரணத்தைத் தேடுங்கள். கொள்ளைநோய்க்குப் பின் வயலுக்கு ஆள் பஞ்சம்; கூலிகளைக் கட்டாயமாக உழவில் இறக்க 1375-இல் சட்டமே போட்டார்கள். 1411-இல் பக்கத்து அரசான காஸ்டிலோடு சமாதானம் வேறு. சண்டையில்லாத பிரபுக்களுக்கு மொராக்கோ கரை தோதாகக் கிடைத்தது.

சந்தேகமிருந்தால் 1415, 1434 (மேற்கு ஆப்பிரிக்காவின் பொஜடோர் முனையைக் கடந்தது), 1453, 1488 (ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியது), 1498 (வாஸ்கோ ட காமா இந்தியா வந்தது) என்று ஒரே கோட்டில் குறித்துப் பாருங்கள்.

அதற்காக 1453-ஐ அடியோடு வெட்டிவிட வேண்டாம். இத்தாலியின் ஜெனோவா வணிகர்களின் முதலீடு கருங்கடலை விட்டு மேற்கே திரும்புவதை அது வேகப்படுத்தியது.