ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு மோட்சம் இல்லையா?

கேள்வி: என் மகன் பிறந்து மூன்றே நாளில் இறந்துவிட்டான். சிசேரியன் முடிந்து நான் ஒரு வார்டில். அவன் கண்ணாடிப் பெட்டிக்குள். ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. "ஜென்மப் பாவத்தோடு போய்விட்டான், மோட்சம் பார்க்க மாட்டான்" என்கிறார் மாமியார். உண்மையா?

பதில்: அப்படிச் சொல்லும் அதிகாரம் எவருக்கும் இல்லை, சகோதரி. உங்கள் மாமியார் அதை இட்டுக்கட்டவும் இல்லை. சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் கேட்டிருப்பார்.

'பாவம்' என்ற சொல்தான் இங்கே தொல்லை. ஆதாமின் வீழ்ச்சியால் நாம் எல்லோரும் காயப்பட்டே பிறக்கிறோம் என்கிறது திருச்சபை. ஆனால் ஜென்மப் பாவம் நாம் செய்த செயல் அல்ல, வந்து ஒட்டிக்கொண்ட நிலை. யாருக்கும் அது சொந்தக் குற்றம் ஆகாது என்று 1992-இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் கூறுகிறது. அப்பன் வாங்கிய கடனுக்கு வீடு ஜப்தியானால் பிள்ளையும் தெருவில்தான் நிற்கும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது பிள்ளை அல்ல. பக்கத்துப் படுக்கைக்காரர் உங்கள் மகனைப் பார்த்து "ஐயோ, பாவம்" என்றிருப்பாரே, அந்தப் பாவம் வேண்டுமானால் அவனுக்குப் பொருந்தும்.

ஜென்மப் பாவமே கிடையாது என்ற பெலாஜியுஸ் தரப்போடு மல்லுக்கட்டிய வேகத்தில், பழங்காலத் திருச்சபையின் ஆயரான புனித அகுஸ்தினார், இத்தகைய குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, மிக லேசானது என்றார். பின்வந்தவர்களுக்கு அதுவும் மனம் ஒப்பவில்லை. வேதனையும் இல்லாத, இறைக்காட்சியும் இல்லாத 'லிம்போ'வைச் சொன்னார்கள். லத்தீனில் அதற்குத் துணியின் கரை, விளிம்பு என்று பொருள். அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்படவில்லை. 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, இக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் இருப்பதாக எழுதியது. நம்பலாம் என்றதே தவிர, நிச்சயம் என்று சொல்லவில்லை. இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் ரோமையர் 5-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஆதாமால் வந்த கேட்டைவிடக் கிறிஸ்துவால் வந்த அருள் எவ்வளவோ மிகுதி என்கிறார் பவுல். மாமியார் பாதியிலேயே புத்தகத்தை மூடிவிட்டார்.

அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது பிறகு தெரிந்து, அதுவும் உங்களை அரிக்கக்கூடும். தையல் போட்ட வயிற்றோடு எழ முடியாமல் கிடந்தவர்மேல் என்ன குற்றம்? பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குள் இறந்த குழந்தைக்கு, ஆயர் அனுமதியுடன் அடக்கச் சடங்கே நடத்தத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. பங்குத்தந்தையிடம் கல்லறையை மந்திரிக்கக் கேளுங்கள், அவனுக்காக ஒரு பூசை வையுங்கள். பெயர் வைக்கவில்லை என்றால் இப்போது வையுங்கள், சிலுவையில் எழுதுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கும்போது மாமியாருக்கும் ஒன்று வாங்குங்கள். அவருக்கும் அவன் பேரன்தானே.