பதில்: பழைய 20 ரூபாய் நோட்டில் இருப்பது அசோகச் சக்கரமா?

நோட்டின் பின்பக்கச் சக்கரம் அசோகச் சக்கரம்தானா, மடிப்புக் கறையைக் கழுவலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் கறை. தயவுசெய்து கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கழுவிய நோட்டின் காகிதம் தன் விறைப்பை இழந்துவிடும், சேகரிப்பாளர்கள் அதைத் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவார்கள். பிவிசி கலக்காத பாலியெஸ்டர் உறையில் போட்டு வெளிச்சம் படாமல் வைத்தால் போதும்.

இனி சக்கரம். ஆரங்களை எண்ணிப் பாருங்கள். அசோகச் சக்கரத்துக்கு 24 ஆரம், எல்லாம் ஒரே மாதிரி மெல்லியவை. உங்கள் நோட்டில் இருப்பதோ தடித்த ஆரம் 8, நடுநடுவே மெல்லியது 8. அப்படியென்றால் அது ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயில் தேர்ச் சக்கரம். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் கட்டியது. 1980களில் வந்த வரிசையில் 10 ரூபாயில் மயிலும் 20 ரூபாயில் இந்தச் சக்கரமும் இடம்பெற்றன. நம் நோட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான்.

அசோகரும் அதே நோட்டில்தான் இருக்கிறார். முன்பக்கம் திருப்புங்கள்: சாரநாத்தில் அசோகர் நிறுத்திய தூணின் சிங்கத் தலை. 1949இல் ஒரு ரூபாய் நோட்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படம் இருந்த இடத்தைப் பிடித்த சின்னம் அது.

அப்புறம், உங்கள் 20 ரூபாய் நோட்டில் ஆண்டு அச்சாகியிருக்காது. ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம். யாருடைய கையெழுத்து என்று பார்த்துச் சொல்லுங்களேன்.